முப்பத்தைந்து டிகிரி வலி

தை பிறந்து நாலாம் நாள், ரங்கூன் கப்பலில் வந்த அரிசி மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு துறைமுகக் கிடங்கை நோக்கி நடந்த கோதண்டத்துக்கு இடுப்பில் சுருக்கென்றது. மூட்டையைக் கீழே போட்டான். பக்கத்திலேயே தானும் விழுந்தான். மேஸ்திரி ஓடிவந்து முதலில் மூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். கிழியவில்லை. ஆகவே அவருக்குக் கோபம் வரவில்லை. "எழுந்து போய் ஒடம்ப பார்த்துக்கோ" என்று அன்பாகவே சொன்னார்.

எழுந்திருப்பதுதான் முடியவில்லை. இடுப்பில் கிளம்பிய வலி வலது புட்டத்தைக் குடைந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் சற்றுத் தங்கி, சுண்டுவிரல் நுனியில் போய் முடிந்தது. முடிந்தது என்று சொல்வதுகூடச் சரியல்ல. அங்கே போய்விட்டு அதே வழியாகத் திரும்பி வந்தது.

தண்டையார்பேட்டையில் டோல்கேட்டுக்குப் பின்னால் அவன் வீடு. அங்கே அவனால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். எல்லாவற்றையும்விடத் தும்மலுக்குப் பயந்தான். ஒரு நாள் அவன் மனைவி பச்சையம்மா மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிக்க, கோதண்டம் ஒரு தும்மல் தும்மிவிட்டு அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் தாளிப்பே இல்லை.

"இப்படியே வூட்ல கெடந்தா ஆவாதுயா. தர்மாஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றாள் பச்சையம்மா.

பிளம்டன் துரை தர்ம வைத்தியசாலை ராயபுரத்தில், கடற்காற்று வரும்படி, ஆனால் கடல் தெரியாதபடி கட்டப்பட்ட ஒரு சிவப்புக் கட்டிடம். அதோடு ஒரு வைத்தியப் பள்ளிக்கூடமும் உண்டு. வாசலில் ஒரு பலகை: 'நிற்க முடியாத நோயாளிகள் இடது பக்க வரிசையில் நிற்கவும்.' கோதண்டம் இடது பக்க வரிசையில் மூன்று வாரம் நின்றான். ஒவ்வொரு முறையும் கம்பவுண்டர் ஒரு மஞ்சள் மருந்தைக் கொடுத்தார். அதைக் குடித்தால் காதுக்குள் மணி அடித்தது. வலி கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது, போகவில்லை.

நாலாம் வாரம், சூபரிண்டெண்டு ராவ் சாகிப் டாக்டர் குணசேகர முதலியார் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். தங்கச் சங்கிலிக் கடிகாரமும் மேடைப் பேச்சுக் குரலும் உள்ள பெரிய மனிதர். கோதண்டத்தை பெஞ்சியில் மல்லாத்திப் படுக்க வைத்து, வலது காலை முழங்கால் மடங்காமல் மெல்லத் தூக்கினார். கால் ஒரு முழம் உயர்வதற்குள் கோதண்டம், "ஐயோ, என்னப் பெத்தவளே!" என்று கத்தினான்.

சூபரிண்டெண்டின் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை தூக்கினார். அதே உயரம், அதே கத்தல்.

"அடடா! முப்பத்தைந்து டிகிரி! பாடப்புஸ்தகத்தில் எழுதியிருப்பது போலவே அல்லவா இருக்கிறது! அசல் சயாட்டிகா, இடுப்பு நரம்பு வியாதி! இத்தனை நாளாக இவனை வெயிலில் நிற்க வைத்த முட்டாள் யார்? உடனே உள்ளே சேருங்கள்!"

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் அவனுக்காக இன்னொருவர் கோபித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஜன்னலோரம் பதினாலாம் நம்பர் கட்டில் கொடுத்தார்கள். காலையில் பாலும் ரொட்டியும், வாரத்துக்கு இரண்டு முட்டையும் வந்தன. பக்கத்துக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த கொசப்பேட்டைக்காரனுக்கு வெறும் கஞ்சிதான். "நீ இன்னா, கெவுனரு வூட்டுப் புள்ளையா?" என்று அவன் பொறாமைப்பட்டான். பச்சையம்மா பூரித்துப்போய் ஒரு வஞ்சிர மீனை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்து சூபரிண்டெண்டுக்குக் கொடுத்தாள். தாம் சைவம் என்று சொல்லிவிட்டு, அதை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

காலை எட்டு மணிக்கு மாணவர்கள் வருவார்கள். முப்பத்திரண்டு பேர். ஒருவர் பின் ஒருவராக கோதண்டத்தின் வலது காலைத் தூக்குவார்கள். முப்பத்திரண்டு தடவையும் அவன் கத்துவான். எந்த உயரத்தில் கத்துகிறான் என்று அளப்பதற்காகத் தச்சனை விட்டு, ஆள் உயரத்தில் ஒரு தேக்குமரப் பாகைமானி செய்து, வார்னிஷ் அடித்துக் கட்டிலோடு பொருத்தினார்கள். அதன் திறப்புவிழாவுக்குப் புகைப்படக்காரர் வந்தார். பாகைமானியின் இரு பக்கமும் உத்தியோகஸ்தர்கள் நின்றார்கள். நடுவில் கோதண்டத்தின் கால் இருந்தது.

நாளடைவில் அவனே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். "முட்டிய மடக்காதே நைனா. மடக்கினா வலி தெரியாது. அப்பால பெரியவரு உன்னத்தான் வைவாரு." மருந்தும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. சிவப்பு மருந்து தித்தித்தது. காதில் மணி அடிக்கவில்லை. ஆனால் தள்ளி நின்ற வலி கிட்டே வந்துவிட்டது.

இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் உதவி டாக்டர் ஞானதுரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிவந்த மேனி, சன்னமான குரல். பிறந்ததிலிருந்து 'டேய்' என்றும் 'வாடா' என்றும் மட்டுமே அழைக்கப்பட்ட கோதண்டத்தை அவர் 'நீர்' என்றார். தினமும் சாயங்காலம் கட்டிலருகே வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கவலைப்படாதேயும் கோதண்டம். சீமையிலேருந்து ஒரு ஊசிமருந்து வந்திருக்கு. முதுகெலும்புக்கு அடியில ஒரே ஒரு ஊசி. பொறவு நீர் எழும்பி நடந்துருவீர். பீரோவுல இருக்கு, என் கண்ணால பார்த்தேன். வாற வாரம் போட்டுருவோம்."

வாற வாரம் வந்தபோது பீரோச் சாவி லீவில் போன சிஸ்டரிடம் இருந்தது. அதற்கடுத்த வாரம் சிஸ்டர் வந்தாள், ஊசி பழுது பார்க்கப் போயிருந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டும் இருந்தன. "இன்னைக்கு உஷ்ணம் அதிகம்லா" என்றார் டாக்டர். கோதண்டம் ஒவ்வொன்றையும் நம்பினான். 'நீர்' என்று சொல்கிறவர் பொய் சொல்வாரா?

"அடப்பாவி, உனக்குக் குடுக்கறது மருந்தே இல்லடா" என்றான் அமீருதீன். அவன் அந்த வார்டைக் கூட்டித் துடைத்து, எழ முடியாதவர்களுக்கு மலச்சட்டி எடுத்துவைக்கிற ஆள். இருபது வருஷமாக அங்கே இருக்கிறான். "அது சர்க்கரப் பாகு. செவப்புச் சாயம் போட்டுக் கீது."

"சும்மா இரு. டாக்டரய்யா அப்படிச் செய்வாரா?"

அமீருதீன் வாதாடவில்லை. மறுநாள் மத்தியானம், ஒரு மணிக்கு டாக்டர்கள் எல்லோரும் சாப்பிட்டு உறங்கப் போன பிறகு, காசிமேட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்தான். சமையலறை அடுப்பில் அதை வறுத்து, பழைய துணியில் மூட்டையாகக் கட்டினான். மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலின் மேல் ஒரு பலகையைப் போட்டான். கோதண்டத்தைக் குப்புறப் படுக்கச் சொல்லி, இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை அரை மணி ஒத்தடம் கொடுத்தான். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகினான்.

"எங்க மாமனாருக்கு இதான் செஞ்சோம். கட்டுமரம் தள்றவரு. ரெண்டு மாசத்துல எழுந்துகினாரு. இன்னா, தெனமும் செய்யணும். பாரம் தூக்கக் கூடாது. அவ்ளோதான்."

அன்று கோதண்டம் மூன்று மணி நேரம் அசையாமல் உறங்கினான். மாணவர்கள் விடுமுறையில் போயிருந்த பத்து நாளும் மத்தியானத்தில் இது நடந்தது. பதினோராம் நாள் காலை, சூபரிண்டெண்டு மாணவர்கள் புடைசூழ வந்து காலைத் தூக்கினார். முப்பத்தைந்தில் சத்தமில்லை. ஐம்பதில் சத்தமில்லை. எழுபதில் கோதண்டம் லேசாக முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரித்தான்.

"பெரியவரே, பாத்தீங்களா! கொறஞ்சிபோச்சு! நேத்து கக்கூசுக்கு நானே நடந்து போயிட்டு வந்தேன்!"

சூபரிண்டெண்டு பாகைமானியையே பார்த்துக்கொண்டு நின்றார். "யார் இதைச் செய்தது?" என்றார் மெல்ல.

பரிசு கொடுக்கத்தான் கேட்கிறார் என்று கோதண்டம் நினைத்தான். "நம்ம அமீருதான்!" என்று கை நீட்டிக் காட்டினான்.

அன்று பிற்பகலே விசாரணைக் கமிட்டி கூடியது. ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அமீருதீன் நின்றான். சாட்சியாக கோதண்டத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள்.

"நீ உபயோகித்த பொருள் என்ன?"

"மணலுங்க."

"அது நம் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா?"

"இல்லீங்க. காசிமேட்டுலதான் கீது."

சூபரிண்டெண்டு எழுந்தார். கை தானாகவே கோட்டின் மார்பைப் பிடித்துக்கொண்டது.

"கனவான்களே! வலி என்பது ஒரு தனி மனிதனுடைய சொந்தச் சொத்தா? இல்லை. வீட்டில் இருக்கும் வரைதான் அது அவனுடையது. ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு அது கல்விக்குச் சொந்தம். இந்த வலியை நாம் பாலும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தோம். மருந்து கொடுத்தால் கெட்டுவிடுமே என்று சர்க்கரைப் பாகு கொடுத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்தோம். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து பரீட்சகர் வருகிறார். இந்த நேரத்தில் ஒரு சட்டி தூக்குகிறவன் வந்து, கேவலம் மணலைப் போட்டு, இதைக் குணப்படுத்திவிட்டான் என்றால், இது வைத்தியசாலையா, சத்திரமா?"

கமிட்டி அங்கத்தினர்கள் மேஜையைத் தட்டினார்கள். பேச்சு பாதிக்கு மேல் இங்கிலீஷில் இருந்ததால் கோதண்டத்துக்குப் புரிந்தது 'பால்', 'ரொட்டி' இரண்டுதான். அமீருதீன் மட்டும் வெளியே போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து அவனைக் காணவில்லை. கோதண்டம் ஞானதுரையிடம் கேட்டான்.

"அவருக்கு வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தலாயிட்டு. சம்பளமும் ஒசத்தி" என்றார் டாக்டர். கோதண்டத்துக்கு சந்தோஷமாக இருந்தது. என்னால் ஒருத்தனுக்கு நல்லது நடந்தது என்று பச்சையம்மாவிடம் சொல்லிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து ஞானதுரை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சும்மா படுத்தே கெடந்தீர்னா நரம்பு மரத்துப்போகும். ஊசி போடுததுக்கு முன்னால கொஞ்சம் தேகாப்பியாசம் வேணும். கீழ ஸ்டோர்ல நாலு கோதுமை மூட்டை இருக்கு. மெள்ளத் தூக்கி அந்தச் செவத்தோரமா வச்சிட்டு வாரும்."

"மூட்டையா நைனா? அமீரு பாரமே தூக்கக் கூடாதுன்னானே?"

"நான் சொல்லுதேன்லா. என் மேல நம்பிக்கை இல்லையா உமக்கு?"

நம்பிக்கை இல்லாமல் என்ன? போனான். முதல் மூட்டையில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் இடுப்பு முனகியது. நாலாவது மூட்டையோடு அவனும் சுவரோரம் சரிந்தான். தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். ஞானதுரை ஓடி வந்து, தம் சொந்தக் கைக்குட்டையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்த வலியிலும் கோதண்டம் நினைத்தான், இந்த மனுஷனுக்குத்தான் எத்தனை நல்ல மனசு.

பரீட்சை நாள் வந்தது. பதினாலாம் நம்பர் கட்டிலைச் சுற்றி வெள்ளைத் தட்டி வைத்தார்கள். கோதண்டத்துக்குத் தலை வாரி, புது வேட்டி கட்டிவிட்டார்கள். தட்டிக்கு வெளியே சூபரிண்டெண்டும் ஞானதுரையும் வந்து நின்றார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசியிருந்தால் அன்றையப் பொழுது வேறு விதமாகப் போயிருக்கும். ஆனால் மனசு நிறைந்திருக்கும்போது சூபரிண்டெண்டுக்குத் தமிழ்தான் வரும்.

"சபாஷ் ஞானதுரை! போன கேஸை மீட்டுக் கொடுத்துவிட்டீரே! எத்தனை மூட்டை?"

"நாலு சார். சரியா முப்பத்தஞ்சுக்கு வந்துட்டு. மரியாதையா ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் சார், அந்த ஆளு மலையையும் தூக்குவான்."

"அந்த ஊசி?"

"அது பீரோவுலயே இருக்கட்டும். அடுத்த வருஷப் பரீட்சைக்கும் இவன் வேணும்லா?"

கோதண்டம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். மூட்டையைக்கூட அவன் பொறுத்திருப்பான். பிறந்ததிலிருந்து தூக்குகிற மூட்டைதானே. ஊசி இல்லாவிட்டால் போகிறது. அந்தக் கைக்குட்டைதான் நெஞ்சில் நின்றது. தன் கண்ணைத் துடைத்துவிட்டபோது அந்த மனிதர் மனசுக்குள் டிகிரி எண்ணிக்கொண்டிருந்தாரா? அமீருதீன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போன பார்வையும் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மேல் துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் ஒரு தடவை வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டான். துண்டைக் கடித்தால் வலிப்பது தெரிந்துவிடும்.

முதல் மாணவன் வந்து காலைத் தூக்கினான். முப்பத்தைந்து. இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை காய்ச்சிய கம்பியை இழுத்தது போல இருந்தது. கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துப் புன்னகை செய்தான். மாணவன் திகைத்தான். இன்னும் தூக்கினான். ஐம்பது. அறுபது. வார்டில் ஒரு சத்தமில்லை. இருந்தாலும் பழக்க தோஷத்தால் வெளியே போய், "சயாட்டிகா" என்றான். அப்படியே ஏழு பேர் போனார்கள். எட்டாவது ஆள் வருஷம் முழுவதும் வகுப்புக்கே வராதவன். அவன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியவில்லை சார், இவர் நன்றாகத்தானே இருக்கிறார்" என்றான்.

பரீட்சகராக வந்திருந்த வெள்ளைக்காரக் கர்னல் தட்டியை விலக்கிக்கொண்டு தாமே உள்ளே வந்தார். காலைத் தூக்கினார். எழுபது. எண்பது. கோதண்டத்தின் வேர்வை புது வேட்டியை நனைத்துவிட்டது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"வலி இருக்குதா?" என்றார் கர்னல், தமக்குத் தெரிந்த தமிழில்.

"இல்லீங்க தொரை. ஜோரா கீது."

"பொய்!" என்று பாய்ந்தார் சூபரிண்டெண்டு. "இவன் பொய் சொல்கிறான்! இவனுக்கு வலி இருக்கிறது! போன மாதம் கொஞ்சம் குறைந்துபோனதே தவிர, நாங்கள்தான் மறுபடியும்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"நீங்கள்தான் மறுபடியும்?" என்றார் கர்னல்.

கர்னல் தம் நோட்டுப் புஸ்தகத்தில் இப்படி எழுதினார்: 'நோயாளியிடம் நோய் எதுவும் காணப்படவில்லை. ஏழு மாணவர்களிடம் காணப்பட்டது.' எட்டாவது மாணவன் முதல் வகுப்பில் தேறினான்.

கர்னலின் மோட்டார் வாசலைத் தாண்டியதும் சூபரிண்டெண்டு திரும்பி வந்தார். "துரோகி! மூன்று மாதம் பாலூட்டினோமே! உனக்கென்று தேக்கில் ஒரு பாகைமானி செய்தோமே! ஒரு கத்தல், ஒரே ஒரு கத்தல் உன்னால் கொடுக்க முடியவில்லையா? நன்றி என்பது உங்கள் ஜனங்களுக்குக் கிடையவே கிடையாதா?"

"வலி என்னுது பெரியவரே" என்றான் கோதண்டம். "கத்தறதும் கத்தாததும் என் இஷ்டம்."

பூரண சௌக்கியம் என்று சர்ட்டிபிகேட் எழுதி அவனை அன்றே வெளியே அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர் ஞானதுரை. கோதண்டம் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டான். "டாக்டரய்யா, அந்த ஊசி?"

"வலி இல்லாதவனுக்கு ஊசி போட ரூல் இல்லை. போடா" என்றார் ஞானதுரை, தலை நிமிராமல்.

அந்த சர்ட்டிபிகேட் துறைமுகத்துக்கு அவனுக்கு முன்னாலேயே போய்விட்டது. 'ஆள் சௌக்கியமாக இருக்கிறான். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயர் அடிக்கப்படும்' என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். வைத்தியசாலையின் அந்த வருஷத்து அறிக்கையில், குணமடைந்தவர்கள் என்ற தலைப்பின் கீழே கோதண்டமும் ஒருவன். அவனுடைய கால் இருக்கும் புகைப்படத்தையும் போட்டிருந்தார்கள்.

பச்சையம்மா ஒரு கைவண்டியை இரவல் வாங்கி, அதில் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு, விசாரித்து விசாரித்து, காசிமேட்டுச் சந்து ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் அமீருதீனின் மனைவி காத்தூன் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் கிடந்தவனைப் பார்த்ததும் முறம் நின்றது.

"இவருதானா? இருவது வருசத்து வேலைக்கு ஒல வச்சவரு?"

கோதண்டம் சந்தேகப்பட்டது சரிதான்: மாற்றலும் இல்லை, உயர்ந்த சம்பளமும் இல்லை. அமீருதீன் வெளியே வந்தான். மரவாடியில் ரம்பம் இழுக்கிற வேலை கிடைத்திருந்தது போலும். தாடியெல்லாம் மரத்தூள்.

"இன்னாத்துக்கு வந்தே?"

"உனக்குப் பரிசு குடுப்பாங்கோன்னு நெனச்சேன் அமீரு. சத்தியமா அதான் நெனச்சேன். மன்னிப்பு கேக்க வந்தேன்."

"வலி இல்லாகாட்டி வந்திருப்பியா?"

கோதண்டம் யோசித்தான். மூன்று மாதம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவன், ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். "தெரியலப்பா" என்றான்.

அமீருதீன் தாடியிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான். பிறகு வண்டியிலிருந்து அவனை அக்குளில் கை கொடுத்து இறக்கி, உள்ளே கொண்டுபோய்ப் பலகையின் மேல் குப்புறப் போட்டான். "காத்தூன், அடுப்ப மூட்டு" என்று கத்தினான்.

"மணலு காய்றதுக்கு அரை மணி ஆவும்" என்றான் கோதண்டத்திடம். "அதுவரைக்கும் உன்னத் திட்டப்போறேன். நடுவுல வாயத் தொறக்காதே."

திட்டினான். இருபது வருஷத்து வேலையைச் சொல்லித் திட்டினான். சர்க்கரைப் பாகைக் குடித்ததற்கும், கமிட்டிக்கு நாற்காலியில் பவனி வந்ததற்கும், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு விரலை நீட்டியதற்கும் தனித்தனியாகத் திட்டினான். கோதண்டம் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அமீருதீனுக்கு மூச்சு வாங்கிய போதெல்லாம், அவன் விட்ட இடத்திலிருந்து பச்சையம்மா எடுத்துக் கொடுத்தாள்.